கறுப்பு வால்நட், கடை வால்நட்: பொறுக்குவதிலிருந்து சமைப்பது வரை முழு வழிகாட்டி

அமெரிக்காவில் மிசௌரி, இல்லினாய், ஒஹையோ பக்கம் கொல்லையோடு வீடு வாங்கிக் குடியேறும் நம் குடும்பங்களுக்கு முதல் அக்டோபரிலேயே, இது என்ன காய், சாப்பிடலாமா என்ற கேள்வி வந்துவிடும். புல்தரை முழுக்க டென்னிஸ் பந்து அளவில் பச்சைக் காய் கொட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் கேட்டால் வால்நட் என்பார்கள். உடைத்துப் பார்த்தால் லேசில் உடையாது, உடைந்தாலும் கடையில் வாங்குகிற அக்ரூட் போல முழுப் பாதியாக வராது, வாயில் போட்டால் வாசனையும் வேறாக இருக்கும். கை கறுத்துப்போனதுதான் மிச்சம் என்று மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

அது கெட்டுப்போன அக்ரூட் இல்லை. அது கறுப்பு வால்நட், வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் தானாக வளரும் மரம். கடையில் கிடைப்பது ஆங்கில வால்நட், பாரசீக வால்நட் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் காஷ்மீரிலிருந்தும் கலிஃபோர்னியா, சிலியிலிருந்தும் வரும் அக்ரூட் எல்லாம் இந்த இனம்தான். நான் ஆறு வருடமாக ஒரு பெரிய கறுப்பு வால்நட் மரத்தடியில் இந்த வேலையைச் செய்கிறேன், புதிதாக வரும் நண்பர்களுக்கும் கூட இருந்து காட்டியிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: காய் விழுந்த நாளுக்கும் அதன் பச்சைத்தோலை நீக்கும் நாளுக்கும் நடுவில் விடும் இடைவெளி. அதைச் சரியாகப் பிடித்தால் மற்றதெல்லாம் பொறுமை மட்டும்தான்.

இந்தக் கட்டுரை முழுக்க மூன்று சொல் வரும். வெளியே இருப்பது பச்சைத்தோல், அதற்குள் ஓடு, ஓட்டுக்குள் பருப்பு.

1. முதலில் மரத்தையும் காயையும் அடையாளம் காணுங்கள்

காயைத் தொடுவதற்கு முன் மரத்தைப் பாருங்கள். கறுப்பு வால்நட்டின் பட்டை கருத்து, ஆழமான பிளவுகளோடு இருக்கும். ஒரு காம்பில் 15 முதல் 23 வரை சிற்றிலைகள், ஓரத்தில் நுண்ணிய பற்கள், நுனியில் இருக்க வேண்டிய கடைசி இலை பெரும்பாலும் இருக்காது அல்லது சிறுத்திருக்கும். ஆங்கில வால்நட்டில் பட்டை சாம்பல் நிறம், இளம் மரத்தில் வழவழப்பு, சிற்றிலைகள் 5 முதல் 9 வரைதான், ஓரம் வெட்டில்லாமல் இருக்கும், நுனி இலைதான் எல்லாவற்றிலும் பெரிது.

காயில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ஆங்கில வால்நட் முற்றினால் பச்சைத்தோல் தானே வெடித்து, உள்ளே இருக்கும் கொட்டை சுத்தமாகக் கீழே விழும். கறுப்பு வால்நட்டின் தோல் வெடிக்கவே வெடிக்காது, முழுக் காயாக விழுந்து, தரையிலேயே மெத்தென்று அழுகிக் கறுக்கும். அதனால்தான் ஒன்றை இயந்திரத்தால் குலுக்கி லாரியில் ஏற்றி ஊர் ஊராக விற்க முடிகிறது, மற்றதற்கு இவ்வளவு வேலை.

ஓட்டைப் பாருங்கள். கடை வால்நட்டின் ஓடு மெலிது, நடுவில் ஒரு தையல் கோடு, அதில் கத்தி முனையை வைத்துத் திருப்பினால் இரண்டாகப் பிரியும். கறுப்பு வால்நட்டின் ஓடு கறுப்பு, மேடும் பள்ளமுமாக உழுத நிலம் போல இருக்கும், பருப்பைச் சுற்றி உள்ளேயும் தடித்த சுவர்கள் பூட்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. பக்கய் என்ற மரத்தின் காயும் இதே பருவத்தில் விழும், ஒஹையோவில் நிறைய உண்டு. அதன் தோல் பிளந்தால் பளபளவென்று காபி நிறத்தில் வழவழப்பான கொட்டை, ஒரு பக்கம் வெளுத்த கண் மாதிரி வட்டம் இருக்கும். அது விஷம், குழந்தைகள் எடுத்து வாயில் வைக்கும் அளவுக்கு அழகாக இருக்கும் என்பதால்தான் சொல்கிறேன். இன்னொன்று பட்டர்நட், அது வால்நட்டின் உறவு, சாப்பிடலாம். காய் உருண்டையாக இல்லாமல் நீண்டு, தோல் பிசுபிசுவென்று ஒட்டும்.

வீட்டில் யாருக்காவது கொட்டை வகை ஒவ்வாமை இருந்தால் கறுப்பு வால்நட், கடை வால்நட் இரண்டில் எதுவும் வேண்டாம். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, மற்றது பரவாயில்லை என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

2. பொறுக்கப் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

காயைக் கொண்டுவந்த பிறகு சாமான் தேடினால் மூன்று நாள் போய்விடும், அந்த மூன்று நாளில் தோல் அழுகத் தொடங்கிவிடும். அதனால் முன்கூட்டியே இதெல்லாம் கையில் இருக்கட்டும்: தடித்த ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, தூக்கி எறியத் தயாராக இருக்கும் பழைய சட்டையும் ஷூவும், இரண்டு பெரிய வாளி, நீளமான குச்சி ஒன்று, தண்ணீர்க் குழாய், வெங்காயம் வரும் வலைப்பை அல்லது கம்பிவலை தட்டு, கண்ணாடி மாதிரி போட்டுக்கொள்ளும் பாதுகாப்புக் கவசம், ஒரு கனமான சுத்தியல், ஒரு கட்டிங் பிளேயர்.

கையுறை விஷயத்தில் சமாதானமே கிடையாது. மருத்துவமனையில் போடுகிற மெல்லிய கையுறை இந்த வேலையில் கிழிந்துவிடும், கிழிந்தது தெரியாமலே சாறு உள்ளே போகும். பச்சைத்தோலில் ஜுக்ளோன் என்ற பொருள் இருக்கிறது. மருதாணியில் சிவப்பைக் கொடுக்கும் லாசோன் என்ற பொருளும் இதுவும் ஒரே வேதிக் குடும்பம், அணுக்களின் எண்ணிக்கை கூட ஒன்றுதான், ஒரே ஒரு கிளை ஒட்டியிருக்கும் இடம்தான் வேறு. அதனால் மருதாணி போலவே இதுவும் தோலோடு சேர்ந்துகொள்ளும், சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது, இரண்டு மூன்று வாரம் கை பழுப்பாகவே இருக்கும். சிலருக்கு அரிப்பும் வரும்.

3. எப்போது பொறுக்குவது, எதை விட்டுவிடுவது

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. மரத்திலிருந்து பறிக்க வேண்டாம், விழட்டும். முற்றியதா என்று பார்க்கக் கட்டை விரலால் பச்சைத்தோலை அழுத்துங்கள், பள்ளம் விழுந்தால் தயார். கல் மாதிரி இருந்தால் உள்ளே பருப்பு இன்னும் நிறையவில்லை.

தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொறுக்குவது நல்லது. புதிதாக வருகிறவர்கள் வார இறுதி வரட்டும், எல்லாம் விழட்டும், ஒரே தடவையில் அள்ளிவிடலாம் என்று இருப்பார்கள். அதற்குள் பாதியை அணில் தூக்கிக்கொண்டு போயிருக்கும், மீதியில் பாதி கறுத்திருக்கும்.

தோல் கறுத்து உள்ளே வெள்ளைப் புழு நெளிகிற காயைப் பார்த்து அருவருப்பாக இருக்கும். அது ஒரு வகை ஈயின் புழு, பச்சைத்தோலைத்தான் தின்னும், ஓட்டைத் துளைத்து உள்ளே போகாது. அப்படிப்பட்ட காயை அன்றைக்கே தோல் நீக்கினால் பருப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஓட்டில் சின்ன ஓட்டை இருந்தால்தான் அது வேறு பூச்சி, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மாடு மேயும் இடத்தில் விழுந்ததை எடுக்காதீர்கள், சாணம் பட்ட தரையில் என்னென்ன கிருமி இருக்கும் என்று கழுவிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அடுத்தவர் மரம் என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சந்தோஷமாகவே சொல்வார்கள், அவர்களுக்குப் புல் வெட்டும் இயந்திரத்துக்கு இந்தக் காய் பெரிய தொல்லை. பூங்காக்களில் விதி இடத்துக்கு இடம் மாறும், வாசலில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஒரு மரம் இந்த வருடம் அள்ளிக் கொடுத்தால் அடுத்த வருடம் கொஞ்சமாகத்தான் காய்க்கும். மரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் சுபாவம் அது.

4. பச்சைத்தோலை உடனே நீக்குங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டும், மற்ற எதிலும் வேண்டாம். தோல் மெத்தென்று ஆகிக் கறுக்கக் கறுக்க அதன் சாறு ஓட்டின் வழியாக ஊறிப் பருப்புக்குள் இறங்கும். பருப்பு கறுத்து, வாசனை தூக்கலாகி, கசப்பும் ஏறிவிடும். கறுப்பு வால்நட் எனக்குப் பிடிக்கவில்லை, மருந்து வாடை அடிக்கிறது என்று சொல்கிற பலர் சாப்பிட்டது தோலோடு வாரக்கணக்கில் கிடந்த காயைத்தான். நான் என் முதல் வருடக் காயை இரண்டு வாரம் வாளியிலேயே விட்டுவிட்டு உடைத்தேன், அடுத்த வருடம் அதே மரத்துக் காயை இரண்டு நாளில் தோல் நீக்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மரம் என்று யாரும் நம்ப மாட்டார்கள், ஒன்று கரும்பழுப்பு, இன்னொன்று தேன் நிறம்.

எப்படி நீக்குவது? வாளி அளவு காய் என்றால் மண் தரையிலோ சரளைக் கல் தரையிலோ கொட்டி, கனமான ஷூ போட்டுக்கொண்டு காலால் அழுத்தி உருட்டுங்கள். தோல் நசுங்கிப் பிய்ந்துவரும், மீதியைக் கையுறையோடு உரித்து எடுக்கலாம். நன்றாக முற்றிய காயில் இது சுலபம். சிமெண்ட் தரையில் செய்யாதீர்கள், அந்தக் கறை வருடக்கணக்கில் போகாது.

பத்து வாளி இருந்தால் இங்கே ஊர்ப்பக்கத்தில் பலரும் செய்வது போல சரளைப் பாதையில் பரப்பி மேலே காரை மெதுவாக ஓட்டலாம். தோல் நசுங்கும், ஓடு உடையாது, அவ்வளவு கெட்டி. ஒரே அடுக்காகப் பரப்பி, யாரையும் பக்கத்தில் நிற்க விடாமல் செய்ய வேண்டும், சக்கரத்துக்கு அடியிலிருந்து காய் கல் மாதிரி தெறிக்கும்.

உரிக்கப் பொறுமையில்லை, மரம் மட்டும் நிறைய இருக்கிறது என்றால் வேறு வழி உண்டு. மிசௌரியில் ஸ்டாக்டன் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஹேமன்ஸ் நிறுவனம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பல மாநிலங்களில் கொள்முதல் நிலையங்கள் வைத்து, மக்கள் பொறுக்கிக்கொண்டு வரும் காயைத் தோல் நீக்கி எடை போட்டு வாங்குகிறது. கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் கறுப்பு வால்நட் பருப்பு பெரும்பாலும் இப்படிப் பொறுக்கப்பட்டதுதான். கடை அக்ரூட் தோப்பில் விளைவது, இது பெரும்பாலும் காட்டிலும் கொல்லையிலும் தானாக வளர்ந்தது.

நீக்கிய தோலை எங்கே போடுவது என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன். அதுவரை ஒரு ஓரமாகக் குவித்து வையுங்கள், தக்காளிச் செடிப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள். நாய் வளர்த்தால் அந்தக் குவியலை அது நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த வால்நட்டிலும் தோலிலும் உண்டாகும் நச்சு நாய்க்கு வலிப்பு வரவைக்கும்.

5. கழுவுங்கள், மிதப்பதை எடுத்துவிடுங்கள்

தோல் நீக்கிய அன்றைக்கே கழுவ வேண்டும், ஒட்டியிருக்கும் சதை காய்ந்தால் ஓட்டின் பள்ளங்களில் பசை மாதிரி இறுகிவிடும். வாளியில் பாதி அளவு கொட்டை, மூழ்கும் அளவு தண்ணீர், குச்சியால் அரிசி களைகிற மாதிரி நன்றாகக் கலக்குங்கள். கறுப்புத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி கலக்குங்கள். நாலைந்து தடவையில் தண்ணீர் ஓரளவு தெளியும். ஓடு வெளுக்காது, அதை எதிர்பார்த்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

கடைசித் தண்ணீரில் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். பருப்பு நிறைந்த கொட்டை மூழ்கும், மேலே மிதப்பதில் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது, அல்லது சூம்பிப் போயிருக்கும். மிதப்பதை எடுத்துத் தூக்கிப் போடுங்கள். இந்தச் சோதனையை இப்போதே செய்ய வேண்டும். உலர்ந்த பிறகு செய்தால் பருப்பு சுருங்கி உள்ளே காற்று இருப்பதால் நல்ல கொட்டையும் மிதக்கும். ஒரு தோழி மூன்று வாரம் காயவைத்த பிறகு மிதக்கவிட்டு, பாதிக்கு மேல் எறிந்துவிட்டாள். அத்தனையும் நல்ல கொட்டை.

கழுவிய தண்ணீரை மீன் இருக்கும் குளத்திலோ ஓடையிலோ சேர விடாதீர்கள். அந்தச் சாறு மீனுக்கு ஆகாது.

6. நிழலில் இரண்டு வாரம்

வலைப்பையில் போட்டுத் தொங்கவிடலாம், கம்பிவலை தட்டில் பரப்பலாம். இரண்டு மூன்று கொட்டை உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள், காற்று உள்ளே புக வேண்டும். கராஜ், பேஸ்மென்ட், மூடிய வராந்தா எல்லாம் சரி. ஈரமான பேஸ்மென்ட் என்றால் ஒரு மின்விசிறி ஓடட்டும்.

நாம் வத்தல் வடாம் காயவைத்துப் பழகியவர்கள், கொட்டையையும் மொட்டை வெயிலில் போடத்தான் கை போகும். இங்கே அது வேண்டாம். சூட்டில் பருப்பின் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், ஓடும் வெடிக்கும். அணிலும் வெயிலில் இருப்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒன்றை உடைத்துப் பாருங்கள். பருப்பைக் கிள்ளினால் படக்கென்று முறிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னும் ஒரு வாரம். இப்படி உலர்ந்த கொட்டையை ஓட்டோடு குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் அடுத்த பருவம் வரை நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, பனிக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிண்ணம் என்று உடைக்கலாம். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான், வெளியே பனி கொட்ட, பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பருப்பு நோண்டிக்கொண்டிருப்பது.

7. ஊறவைத்து உடையுங்கள்

இவ்வளவு உலர்த்திவிட்டு மறுபடி ஊறவைப்பதா என்று எல்லாரும் கேட்பார்கள். உலர்த்துவது பருப்பு ஓட்டை விட்டுச் சுருங்கி, சுவை கூடி, கெடாமல் இருக்க. ஊறவைப்பது உடைக்கும்போது பருப்பு தூளாகாமல் இருக்க. காய்ந்த பருப்பு சுத்தியல் அடியில் நொறுங்கும், கொஞ்சம் ஈரம் ஏறியது வளைந்து கொடுக்கும், பெரிய துண்டாக வரும்.

அன்றைக்கு உடைக்கப் போகும் அளவை மட்டும் எடுத்து, குழாயில் வரும் வெந்நீரில் ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து, புது வெந்நீர் ஊற்றி இன்னும் இரண்டு மணி நேரம். அப்புறம் ஈரத்துணியில் மூடி வைத்து ஒவ்வொன்றாக எடுத்து உடையுங்கள்.

சாதாரண வால்நட் உடைப்பானை இதில் வைத்து அழுத்தாதீர்கள், கைப்பிடிதான் வளையும். கறுப்பு வால்நட்டுக்கென்றே நீண்ட நெம்புகோல் வைத்த உடைப்பான் விற்கிறார்கள், வருடா வருடம் செய்கிறவர்கள் ஒன்று வாங்கிவிடலாம். முதல் வருடத்துக்குச் சுத்தியல் போதும். கெட்டியான கல் அல்லது இரும்பு மேல், கூர்மையான முனை மேலே இருக்கும்படி கொட்டையை நிறுத்தி, அந்த முனையில் அடியுங்கள். படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தால் பருப்பும் ஓடும் சேர்ந்து கூழாகிவிடும். ஓட்டுத் துண்டு கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் போடாமல் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

இனிமேல்தான் கட்டிங் பிளேயர். கொட்டை மூன்று நான்கு துண்டாக உடைந்ததும், பருப்பு இன்னும் ஓட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் குத்தி எடுத்தால் பொடிப்பொடியாக வரும். அதற்குப் பதில் மாட்டியிருக்கும் சுவரைப் பிளேயரால் ஒரு கடி கடியுங்கள், பருப்பு கழன்று விழும். யாருக்குக் காட்டினாலும், இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்பார்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பற்றி முன்கூட்டியே தெளிவாக இருங்கள். கடை வால்நட்டில் எடையில் கிட்டத்தட்ட பாதி பருப்பு. தானாக வளர்ந்த கறுப்பு வால்நட் மரத்தில், உலர்ந்த கொட்டை 5 கிலோவுக்கு 1 கிலோ பருப்பு கிடைத்தால் அது நல்ல மரம், பல மரங்களில் அதைவிடக் கம்மி.

8. ஓட்டுத் துண்டைத் தேடி எடுத்து, பிறகு சேமியுங்கள்

பருப்பை வெள்ளைத் தட்டில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் இரண்டு தடவை பாருங்கள். ஒரு தடவை கண்ணால், ஒரு தடவை விரலால். கறுப்பு ஓடும் கரும்பழுப்புப் பருப்பும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், விரலை ஏமாற்ற முடியாது. பல் உடையும் அளவுக்கு அந்த ஓடு கெட்டி, இந்த வேலையில் அலட்சியம் கூடாது.

ஊறவைத்ததால் பருப்பில் ஈரம் இருக்கும். தட்டிலேயே ஒரு நாள் ஆறவிட்டு, மொறுமொறுப்பு திரும்பிய பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை. சில வாரத்தில் தீர்ந்துவிடும் என்றால் ஃபிரிட்ஜ், இல்லாவிட்டால் ஃபிரீசர். ஜிப் பையில் காற்றை வெளியேற்றி ஃபிரீசரில் வைத்தால் ஒரு வருடத்துக்கு மேலும் வாசனை குறையாது.

9. கடை வால்நட் வாங்கும்போது

அமெரிக்காவில் விளையும் ஆங்கில வால்நட் கிட்டத்தட்ட முழுவதும் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்கே அறுவடை செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை போகும். ஆகவே செப்டம்பரில் வாங்கும் பாக்கெட் பெரும்பாலும் போன வருடத்துச் சரக்கு. வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்குகிறவர்கள் டிசம்பரில் வாங்குங்கள்.

வெளிர் நிறத்தில் முழுப் பாதியாக வருவது பெரும்பாலும் சாண்ட்லர் ரகம், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 1979இல் வெளியிட்டது. நறுக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் முழுப் பாதிக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம், துண்டே போதும். ஆனால் துண்டு சீக்கிரம் காறும், காற்றுப் படும் பரப்பு அதிகம்.

வால்நட் எண்ணெய் காற்றில் உலர்ந்து இறுகும் வகை, ஓவியர்கள் வண்ணம் குழைக்கப் பயன்படுத்தியது. அதனால் கெட்ட வால்நட்டை முகர்ந்தால் பெயிண்ட் வாடை வரும். அந்த வாடை இருந்தால் வறுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்கியதையும் சமையலறை அலமாரியில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

10. எந்தச் சமையலுக்கு எது

என் கணக்கு இது: கடை வால்நட் பண்டத்துக்கு உடம்பு கொடுக்கும், கறுப்பு வால்நட் வாசனை கொடுக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதை அளவு மாற்றாமல் போட்டால் இரண்டும் வீண்.

கை நிறைய அள்ளிச் சாப்பிட, பிள்ளைகளுக்கு டப்பாவில் கொடுக்க, காலையில் ஓட்ஸில் போட, குழம்பைக் கெட்டியாக்க எல்லாம் கடை வால்நட்தான். ஈரானியர்கள் மாதுளைச் சாற்றோடு செய்யும் ஃபெசஞ்சான் என்ற குழம்புக்கு வால்நட்டை அரைத்துக் கிலோக் கணக்கில் போடுவார்கள், அதில் கறுப்பு வால்நட்டை அந்த அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. குருமாவில் முந்திரிக்குப் பதில் அரைத்து விடலாம், ஆனால் பருப்பைக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து, துணியில் தேய்த்து மேல்படலத்தை முடிந்த அளவு நீக்குங்கள். கசப்பும், குழம்பை மங்கலாக்கும் நிறமும் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. துவையல், பருப்புப்பொடிக்கும் கடை வால்நட்டே போதும், மிளகாயும் பூண்டும் சேர்ந்த இடத்தில் கறுப்பு வால்நட்டின் வாசனை அடிபட்டுப் போகும், அத்தனை உழைத்து எடுத்ததை அங்கே போட மனம் வராது.

ஒமேகா 3 கொழுப்புக்காக வால்நட் சாப்பிடுகிறவர்களும் கடை வால்நட்டையே சாப்பிடுங்கள். 100 கிராம் கடை வால்நட்டில் அந்தக் கொழுப்பு கிட்டத்தட்ட 9 கிராம், கறுப்பு வால்நட்டில் 3 கிராமுக்கும் கம்மி. புரதத்தில் நிலைமை தலைகீழ்: கறுப்பில் 24 கிராம், கடையில் கிடைப்பதில் 15 கிராம்.

கறுப்பு வால்நட் சேர வேண்டிய இடம் பாலும் வெண்ணெயும் நெய்யும் உள்ள இனிப்பு. அதன் வாசனை கொழுப்பில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் மிசௌரியில் ஐஸ்கிரீம், ஃபட்ஜ், கேக் என்று இதைப் போடுகிறார்கள். வாழைப்பழம், சாக்லேட், மேப்பிள் பாகு எல்லாவற்றோடும் சேரும். நம் பண்டங்களில் நான் செய்து பார்த்தவரை வெல்லத்தோடு மிக அழகாகப் பொருந்துகிறது, தேங்காய்ப் பர்பியிலும் பால்கோவாவிலும் கடைசியில் பொடியாக நறுக்கித் தூவினால் போதும். பழுத்த பழமும் மண்வாசனையும் கலந்த ஒரு மணம், முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் என்ன எசன்ஸ் போட்டீர்கள் என்று கேட்பார்கள்.

அளவில் கவனம். சமையல் குறிப்பில் ஒரு கப் வால்நட் என்றிருந்தால் கால் கப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கறுப்பு, மீதி கடை வால்நட். பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

வறுப்பதிலும் வித்தியாசம் உண்டு. கடை வால்நட்டை 175 டிகிரி செல்சியஸ் அவனில் 8 முதல் 10 நிமிடம் வறுத்தால் கசப்பு அடங்கி மணம் கூடும். கறுப்பு வால்நட்டை அப்படி வறுக்காதீர்கள், அதன் தனி மணம் சூட்டில் பறந்துவிடும், முந்திரி மாதிரி நெய்யில் சிவக்க வறுத்தால் வெறும் கொட்டையாகிவிடும். பச்சையாகவே நறுக்கிப் போடுங்கள்.

11. தோல், ஓடு, கட்டை, அப்புறம் உங்கள் காய்கறித் தோட்டம்

பச்சைத்தோலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் பருத்தி, கம்பளி இரண்டுக்கும் பிடிக்கும் பழுப்புச் சாயம். நிறம் ஒட்டப் படிகாரம் கூட வேண்டியதில்லை. ஓடு கெட்டி என்பதால் பொடித்து உலோகம் மெருகேற்றவும், பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும் பயன்படுத்துகிறார்கள். கட்டையில், கறுப்பு வால்நட்டின் உள்மரம் சாக்லேட் நிறம், மேசை நாற்காலி செய்கிறவர்கள் தேடி வாங்குவார்கள். காஷ்மீரில் பூவேலை செதுக்கும் அக்ரூட் மரம் ஆங்கில வால்நட் இனம், அது சற்று வெளிர்ந்து வரி வரியாக இருக்கும். கறுப்பு வால்நட்டை இழைத்த சுருளை மட்டும் குதிரைக்குப் படுக்கையாகப் போடக் கூடாது, குளம்பில் வீக்கம் வந்து நிற்க முடியாமல் போய்விடும்.

கடைசியாக நம்மவர்கள் அதிகம் நஷ்டப்படும் விஷயம். அதே ஜுக்ளோன் மரத்தின் வேரிலும் இலையிலும் இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், நாம் கொல்லையில் முதலில் வைப்பதும் இதைத்தான், ஜுக்ளோனுக்கு முதலில் வாடுவதும் இதுதான். நன்றாக வளர்ந்த செடி, தண்ணீர் ஊற்றியும், ஒரே வாரத்தில் துவண்டு விழும். பூச்சி என்று மருந்து அடித்துப் பார்ப்பார்கள், உரம் போட்டுப் பார்ப்பார்கள், காரணம் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரம் என்று தோன்றவே தோன்றாது. பெரிய மரம் என்றால் அடிமரத்திலிருந்து 15 முதல் 18 மீட்டர் தூரம் வரை இந்தச் செடிகளை வைக்காதீர்கள். இடம் இல்லை என்றால் அடியில் வேர் புகாதபடி தடுப்புப் போட்ட உயரப் பாத்தியில் அல்லது பெரிய தொட்டியில் வையுங்கள், விழும் இலையை அவ்வப்போது வாரிவிடுங்கள். பீன்ஸ், சோளம், வெங்காயம், கேரட் இவை தாக்குப் பிடிக்கும்.

நீக்கிய பச்சைத்தோலையும் வாரிய இலையையும் தோட்டத்து உரக்குழியில் போட வேண்டாம். மரத்தடியிலேயே ஒரு குழி தோண்டி அதில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுங்கள்.